ஏரிக்கரையில் இமயமலைக்கு நடந்தது

உத்திரமேரூரில் உயரமான இடம் எது என்று கேட்டால் கோயில் கோபுரத்தைக் காட்டுவார்கள். அதற்கு அடுத்த உயரம் ஏரிக்கரைதான். அந்தக் கரையில் ஏறினால் சின்னக் குழந்தைக்குக்கூட மூச்சு வாங்காது. இருந்தும் நான் இமயமலைக்குத் தயாரானது அங்கேதான்.

எண்பதுகளின் தொடக்கம். பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. ஊரார் வாயில் 'டிரில் டீச்சர்'. செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு ஏரிக்குக் கீழே நஞ்சை நிலம், அதிகம் பேசாதவர். மாமியார் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். கணவரின் தங்கைக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

பாப்பாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை ஓர் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கட்டை ஊன்றி நடப்பாள். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு, வலது காலால் மிதித்து, தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அந்த இரும்பில் ஒரு திருகாணி கழன்றால்கூட மெட்ராஸ் வரை போகவேண்டும். போனால் பிறகு வா என்பார்கள். அதுவரை அவள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பாப்பாவை அவரிடம்தான் காட்டுவோம். அந்தக் கால் சட்டங்களை அங்கேயே செய்யவும் பழுது பார்க்கவும் ஒரு பட்டறை போடவேண்டும் என்பது அவர் ஆசை. படிக்கும் காலத்தில் மலை ஏறியவர் அவர். அதனால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெண்களாகச் சேர்ந்து இமயமலையில் பதினாறாயிரம் அடி உயரத்தில் உள்ள ஒரு கணவாயைக் கடப்பது. ஒவ்வொருத்தியும் தன் ஊரில், 'இவள் ஏறிவிட்டு வந்தால் பட்டறைக்கு எங்களால் ஆனதைத் தருகிறோம்' என்று வாக்கு வாங்கி வரவேண்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நான் ஏற்காட்டில் மலையேற்ற முகாமுக்குப் போயிருக்கிறேன் என்று பாப்பா எப்போதோ அவரிடம் உளறியிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் வர்றீங்களா?" என்றார். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த மல?" என்றார் மாமியார்.

"வடக்க, அத்தை. இமயமலை."

"அங்க போறவங்க திரும்ப மாட்டாங்களே. சாமியாராப் பூடுவாங்க."

"நான் ஒரு மாசத்துல வந்துடுவேன் அத்தை."

"மார்கழிப் பனிக்கே முக்காடு போட்டுக்கினு தும்மிக்கினு கீறே. இந்த அழகுல நீ ஐஸ் மேல நடக்கப் போறியா?"

கணவர் மோர் சாதத்தைப் பிசைந்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் அவங்களே எடுத்துத் தராங்களா?" என்றார். தருகிறார்கள் என்றேன். "அப்ப சரி" என்று கை கழுவப் போனார். அவர் சம்மதம் அவ்வளவுதான்.

பாப்பாதான் என்னை விடவில்லை. "எதுக்கு அண்ணி ஏறப் போறே?"

"பட்டறைக்காக. உன்னை மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"என்னை மாதிரின்னா இன்னா மாதிரி?"

அவள் விடாமல், "நீ மல ஏறுனா எனக்கு இரும்பு எப்படி வரும்? குடுக்கறவங்க நேரா குட்த்துட்டா இன்னா கெட்டுப் போவுது? ஒர்த்திக்கு மூச்சு முட்டினாத்தான் ஊருக்கு மனசு வருமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. "எனக்கு ஏறணும்போல இருக்கு பாப்பா" என்றேன். அவள், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மறுவாரம் பயிற்சியைத் தொடங்கினேன். முதுகில் பாரத்தோடு நடந்து பழகவேண்டும், அவசரப்படாமல் ஒரே வேகத்தில் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் ஒரு பழைய கோணியில் நெல்லைக் கொட்டித் தைத்தார். கணவர் அதில் கயிற்றைக் கட்டித் தோளில் மாட்டிவிட்டார். விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். நடவுக்குப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"டீச்சர், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்லம்மா. சும்மா நடக்கறேன்."

"வூட்ல சண்டையா?" என்றாள் இன்னொருத்தி, நிஜமான அக்கறையோடு. மூட்டை நெல்லோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

மூன்றாவதோ நான்காவதோ நாள், கரையின் பாதித் தூரத்தில் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரே மைனாச் சத்தம். திரும்பிப் பார்த்தால், கோணியில் ஓட்டை. நான் வந்த வழியெல்லாம் நெல் கோடாகக் கிடக்க, மைனாக்கள் கூட்டமாக என் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தன.

"மலைக்குப் போறதுக்கு முன்னயே மைனாவுக்கு விருந்து வெச்சிட்டு வர்றா எங்க வூட்டு டீச்சரம்மா" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். கோபம் வந்தால் நான் அவருக்கு டீச்சரம்மா.

மெஷினில் உட்கார்ந்திருந்த பாப்பா அந்தக் கோணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "கோணிக்குக் கயிறு கட்டித் தோள்ல மாட்டிவிட்டது யாரு, அண்ணனா?" என்று கேட்டுவிட்டு, "எல்லாரும் தள்ளுங்க" என்றாள். அன்றிலிருந்து மலையேறும் காரியத்தில் பாதி அவள் கைக்குப் போய்விட்டது.

நெல் லாரிக்கு மேலே மூடும் பழைய தார்ப்பாய் ஒன்றை ரைஸ் மில்லில் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். அதை வெட்டி முதுகுப்பை தைத்தாள். மெஷின் ஊசி இரண்டு முறை உடைந்ததும் கோணி ஊசியை எடுத்துக் கையாலேயே தைத்தாள். தோள்பட்டைக்கு உள்ளே பழைய போர்வைத் துணியை மடித்து வைத்தாள். என்னை நிற்கவைத்து, நடக்கவைத்து, குனியவைத்து, மறுபடி பிரித்துத் தைத்தாள். பிறகு அண்ணனின் கால்சட்டையை அளவுக்கு வைத்து எனக்குத் தடித்த துணியில் பேன்ட் தைத்தாள். அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தபோது மாமியார் வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லாத்தான் கீது," என்றார் கொஞ்சம் கழித்து. "சர்க்கஸ்ல வர்ற பொண்ணு மாதிரி."

ஊராரிடம் வாக்கு வாங்கும் வேலையை மாமியாரே எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. நெல் மண்டிக்காரரிடமும் பாத்திரக் கடையிலும் போய் உட்கார்ந்து, எங்கள் மருமகள் இமயமலைக்குப் போகிறாள் என்று அவர் பேசிய தோரணையைக் கேட்டால், போகவேண்டாம் என்று வீட்டில் தினமும் அழுதவர் இவர்தானா என்று இருக்கும்.

பட்டறைக்கு விளம்பரம் செய்ய காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். என்னையும் பாப்பாவையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுக்கவேண்டுமாம். "கட்டையை ஊணிக்கினு கொஞ்சம் சோகமா நில்லும்மா" என்றார் ஒருவர்.

"சோகமா எதுக்கு நிக்கணும்?"

"பார்க்கறவங்களுக்கு மனசு இளகும் இல்ல?"

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க. படம் வேணும்னா நான் மெஷின்ல உக்காந்து பை தைக்கறாப்ல எடுங்க," என்றாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மெஷினைக் காட்டினேன். அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். படத்தில் பாப்பா கேமராவைப் பார்க்காமல் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் சர்க்கஸ் பேன்டோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என் தொடையையும் கணுக்காலையும் அழுத்திப் பார்த்தார். "சமதரையில நடந்தது போதும். இனிமே பாரத்தோட மேட்டுல ஏறணும்" என்றார். எங்களுக்குத் தெரிந்த பெரிய மேடு திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டுக்குப் போய் பஸ் மாறிப் போகலாம். மேலே கோயில்வரை கல் படிகள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாப்பா மெஷினை நிறுத்திவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தோடு இரண்டு முறை அங்கே போயிருக்கிறார்கள். இரண்டு முறையும் அவளை அடிவாரத்தில் பூக்கடைக்காரியிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறியிருக்கிறார்கள். பெரியவளான பிறகு ஒருமுறை டோலியில் தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார்களாம். "நாலு பேரு தூக்கிக்கினு போவ நான் இன்னா பொணமா?" என்று அழுது பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிவிட்டாளாம்.

"அண்ணி," என்றாள் மறுநாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "நெல்லு மூட்டைக்குப் பதிலா என்னைத் தூக்கிக்கினு ஏறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

"டோலி வேணாம்னே?"

"அவங்க கூலிக்குத் தூக்கறாங்க. உனக்கு பாரம் வேணும், எனக்கு மேல போவணும். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

மாமியார் காதில் விழுந்ததும் பெரிய ரகளை. "ரெண்டு பேரும் உருண்டு வுழுந்தா யாரு பதில் சொல்றது? பேஜாரு புடிச்சதுங்க!" ஆனால் பாப்பா அதே தார்ப்பாயில், கால் விட இரண்டு ஓட்டை வைத்து, தூளிபோல ஓர் இருக்கை தைக்க ஆரம்பித்துவிட்டாள். தைத்து முடித்த சாயங்காலம், அவளை அதில் உட்காரவைத்து முதுகில் மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் கிணற்றைச் சுற்றி நடந்தேன். இரும்பைக் கழற்றிவிட்டால் அவள் ஒன்றும் பெரிய பாரம் இல்லை. "இன்னும் வேகமா! ஹை, ஹை!" என்று என் தோளைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்து கால் பின்னியது. திட்டிக்கொண்டே பின்னால் வந்த மாமியாரும் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் பாப்பாவும் நானும் கிளம்பினோம். அடிவாரத்தில் பாப்பாவின் இரும்பையும் கட்டையையும் கணவர் தோளில் போட்டுக்கொண்டார். நான் அவளை மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். டோலிக்காரர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். ஓர் அம்மாள், பெரிய வேண்டுதல் என்று எண்ணி, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். "வாங்கிக்கோ அண்ணி, புண்ணியம்" என்று பாப்பா காதுக்குள் சொன்னாள்.

முதலில் சுலபமாக இருந்தது. பிறகு தொடை நடுங்கியது. அவள் இருக்கையின் பட்டை தோளில் வெட்டியது. எனக்குக் கல்லையும் என் காலையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நிறுத்து, என்னை எறக்கு" என்றாள். கணவர் பிடித்து இறக்கினார். அவள் மலைக்கு முதுகைக் காட்டி, அடிவாரத்தைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் மேல்படியில் ஊன்றி, வலது காலை உதைத்து, ஒரு படி எழும்பி உட்கார்ந்தாள். மறுபடி ஒன்று. தையற்காரியின் கைகளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நாங்கள் பக்கத்தில் நடந்தோம். அவள் பின்பக்கமாக ஏறியதால், ஊர் கீழே விரிந்துகொண்டே போவதை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதோ குளம். பஸ் எவ்ளோ சின்னதா கீது பாரு. அண்ணா, அந்த வண்டிக்காரன் மாட்டை அடிக்கறான்!" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். கை வலித்ததும் என் முதுகில் ஏறிக்கொண்டாள். நான் சோர்ந்ததும் இறங்கிக்கொண்டாள். இடையில் அண்ணன், "நான் கொஞ்சம் தூக்கறேன்" என்றார். "உனக்கா மல ஏறணும்?" என்று அவரை விரட்டிவிட்டாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது, அங்கே தினமும் நடுப்பகலில் வரும் கழுகுகள் வந்து சாப்பிட்டுப் போய்விட்டன. கூட்டமும் கலைந்திருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு, பாப்பாவை நிழலான ஒரு பாறையில் உட்காரவைத்தோம். வயல், தென்னை, ஏரிகள், அவற்றுக்கு அப்பால் கோடு கிழித்ததுபோல் கடல்.

"அவ்ளோதானா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் போகலாமா என்று கேட்டபோது, "இரு" என்றாள். கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். மறுபடி கேட்டேன். "இரு அண்ணி." கணவர் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். வெயில் சாய்ந்து, கடல் இருந்த இடம் மங்கித் தெரியாமல் போனபிறகுதான், "சரி வா" என்றாள்.

இறங்கும்போது இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவளை நானே சுமந்தேன். பாதியில் ஒரு படி தவறி, விழாமல் சமாளித்ததில் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தபோது என் முட்டி தேங்காய்போல வீங்கியிருந்தது.

மாமியார் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பாப்பாவைப் பார்த்து, "ஒன்னாலதான். ஆசைன்னு ஒண்ணு வந்துட்டா உனக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்றார். பாப்பா மெஷினைத் துணியால் மூடிவிட்டாள். இரண்டு நாள் மெஷின் சத்தம் கேட்கவில்லை. எனக்காக அவள் வெட்டி வைத்திருந்த குளிர் கோட்டுத் துணி அப்படியே கிடந்தது. பதினைந்து நாள் நடக்கக்கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கூடத்தில் காலை நீட்டிக் கிடந்தேன்.

"நான் கூப்ட்டுதானே பாப்பா நீ வந்தே" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"பொய் சொல்லாத. நான்தான் கேட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாமியார் பரணிலிருந்து ஒரு மூட்டை இலவம்பஞ்சை இறக்கினார். மகளின் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பஞ்சைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழித்து, "கோட்டுக்குப் பஞ்சு எவ்ளோ வெக்கணும்?" என்றார்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் பாப்பா.

"நானும் அவ்ளோ குளுரு பார்த்ததில்ல. எல்லாத்தையும் வெச்சிடு."

கொஞ்சம் பொறுத்து மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டைப் போட்டால் கையைக் கீழே தொங்கவிட முடியாது. இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு மெத்தைக்குத் தலை முளைத்ததுபோல் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பஞ்சு இன்னும் கொஞ்சம் இருந்தால் கழுத்துக்கும் வைக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

முழங்கால் சரியாயிற்று. பிறகு செய்யாற்று மணலில் மெதுவாக நடந்து காலைத் தேற்றிக்கொண்டேன். கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு என் பள்ளிப் பெண்களும் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். மாமியார் புளிக்காய்ச்சலும் விபூதிப் பொட்டலமும் திணித்தார். "முடியலன்னா திரும்பிடு. வீம்பு பண்ணாத" என்றார். பாப்பா பையின் பட்டைகளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

மலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வெள்ளையும் நீலமும் தவிர வேறு நிறமே இல்லாத இடத்தை முதல் நாள் பார்த்தபோது அழுதேன். தார்ப்பாய்ப் பை கிழியவில்லை. மற்ற பெண்களின் கடைப் பைகள் இரண்டு கிழிந்தன. இலவம்பஞ்சுக் கோட்டுதான் முதல் பனியிலேயே நனைந்து, ஈரக் கோணிபோல் கனத்தது. டாக்டர் வேறு கோட்டு கொடுத்தார். பஞ்சுக் கோட்டு காய்ந்ததும் கூடாரத்தில் தலையணையானது. அதற்கு ஒவ்வொரு நாளும் போட்டி.

கணவாய்க்குக் கீழே கடைசி முகாமில் எனக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. "இதுக்கு மேல உங்களை விடமாட்டேன்" என்றார் டாக்டர். கெஞ்சினேன். அவர் அசையவில்லை. மறுநாள் மற்றவர்கள் கணவாயைக் கடந்தார்கள். என்னை ஒரு சுமைக்காரர் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார். இறங்க இறங்கத் தலைவலி குறைந்தது, வெட்கம் ஏறியது.

உத்திரமேரூருக்கு வந்ததும் வீட்டில் உள்ளதைச் சொன்னேன். "தலவலி வுட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார் மாமியார். ஆனால் மண்டிக்காரர், "ஏறிட்டு வந்தாதானே பேச்சு? முக்கால் மல ஏறுனவங்களுக்கு இன்னா கணக்கு?" என்று சிரித்தாராம். மாமியார் அன்றைக்கே அவர் கடைக்குப் போனார்.

"உன் கிடங்கு மேல ஏறிப் பார்த்து எத்தினி வருசமாச்சு நைனா?"

"ஏன்மா?"

"ஏணி வெச்சு ஒரு தபா ஏறிக் காமி. மீதி மலையப் பத்தி அப்புறம் பேசுவோம்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மண்டிக்காரர் நல்ல மனிதர்தான், அவரும் சிரித்துவிட்டார். பேசியபடி கொடுத்தார். அவர் கொடுத்ததும் மற்றவர்களும் கொடுத்தார்கள்.

பட்டறை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான அறை. இரும்புச் சட்டங்களுக்கு உள்ளே தோலும் துணியும் வைத்துத் தைக்க, பட்டைகள் போட, கை தேர்ந்த ஆள் வேண்டியிருந்தது. என் முதுகுப்பையை மலையில் பார்த்திருந்த டாக்டர் பாப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். காஞ்சிபுரத்திலேயே வேறு இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கவேண்டும். மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. இமயமலைக்கு நான் போனபோது அழுததைவிட இதற்கு அதிகம் அழுதார். பாப்பா ஒரு டிரங்குப் பெட்டியை அடுக்கிவிட்டு, அம்மா அழுது முடிக்கும்வரை பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

அவள் போய் ஒரு மாதம் கழித்து முதன்முதலாக ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் வரப்போகும் பஸ்ஸுக்கு மாமியார் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. பாப்பா முதலில் கட்டையை இறக்கினாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள். முகம் கொஞ்சம் கறுத்து, கன்னம் பூசினாற்போல் இருந்தாள். மாமியார் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்.

"பசிக்குதும்மா" என்றாள் பாப்பா. "இன்னா கொயம்பு வெச்சே?"